சேர்வராயன் மலையும் ஒரு சோப்புக் கட்டியும்

ஏற்காட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பையில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். காப்பித்தூள், மிளகு, ஒரு பாட்டில் தைலம், சீசன் என்றால் ஆரஞ்சோ பேரிக்காயோ. சமீப வருடங்களில் நம் மலைவாசஸ்தலக் கடைகளில் இந்தப் பட்டியலோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கயிறு கட்டிய, 'கையால் செய்த' சோப்பு. காப்பிப் பொடி போட்டது, எலுமிச்சைப் புல் தைலம் விட்டது, ஆட்டுப்பால் கலந்தது என்று விதவிதமாக.

பெரும்பாலும் இது யாரோ ஒருவருடைய பொழுதுபோக்காக ஆரம்பித்திருக்கும். யூடியூப் பார்த்து ஒரு கிலோ தேங்காய் எண்ணெயில் சோப்பு செய்து, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து, 'நல்லாருக்கே, விக்கலாமே' என்று நாலு பேர் சொல்லி, அப்புறம் அது ஒரு சின்ன வியாபாரமாக ஆகியிருக்கும். கேட்க எளிமையான கதை. ஆனால் சேர்வராயன் மலையிலிருந்து பார்த்தால் இதற்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு ஒன்று இருக்கிறது. சோப்புக்கு வேண்டிய பல சாமான்கள் இந்த மலையிலும் அதன் அடிவாரத்திலும் எப்போதும் இருந்தன. கட்டி மட்டும் எப்போதும் வேறெங்கோதான் வார்க்கப்பட்டது.

நுரைக்கும் காய்கள்

சோப்பு வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் அழுக்காகவா இருந்தார்கள்? இல்லை. சேலம், தருமபுரி, கொங்குப் பக்கம் எண்ணெய்க் குளியல் என்றால் அரப்பு. உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடி. தலைக்குச் சீயக்காய். பட்டுக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டை. துணி வெளுக்க வண்ணார்கள் வைத்திருந்தது உவர்மண். ஏரிக்கரையிலும் களர்நிலத்திலும் பூத்து நிற்கும் காரமண்.

இவற்றில் முதல் மூன்றும் ஒரு வகை, நான்காவது வேறு வகை. அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை மூன்றிலும் இருப்பது சபோனின். தண்ணீரில் தானாக நுரைக்கும், எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கொண்டு போகும். யாரும் எதையும் காய்ச்ச வேண்டியதில்லை, பறித்துக் காயவைத்து இடித்தால் போதும். உவர்மண்ணில் இருப்பது காரம். துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கோடு அது வினைபுரியும்போது அங்கேயே கொஞ்சம் சோப்பு உண்டாகிறது. சோப்பு என்பதே எண்ணெயும் காரமும் சேர்ந்து வேறொன்றாக மாறுவதுதான். அதற்கு நாம் வைத்திருந்த பழைய பெயரான சவுக்காரத்திலும், இலங்கைத் தமிழர் இன்றும் சொல்லும் சவர்க்காரத்திலும் அந்தக் 'காரம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சேலத்தில் அரப்பும் சீயக்காயும் நீண்டகாலம் தாக்குப்பிடித்ததற்குப் பழக்கம் மட்டும் காரணமாக இருந்திருக்காது, தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் குன்றுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அது மேக்னசைட். மெக்னீசியமும் கால்சியமும் மிகுந்த கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. திரித்திரியாகத் திரிந்து பக்கெட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். 'உப்புத் தண்ணிங்க, சோப்பே கரைய மாட்டேங்குது' என்று சொல்வோமே, அதுதான். சபோனினுக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. ஆகவே அரப்பை ஏழைகளின் சோப்பு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது, இந்த ஊர்த் தண்ணீருக்குப் பொருந்திய பொருள் அது.

இந்தக் காய்களையும் இலைகளையும் காட்டிலிருந்து சேகரித்து இறக்கியவர்களில் மலையாளிகளும் உண்டு. கேரளத்து மலையாளிகள் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ் பேசும் பழங்குடியினர், மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சை என்று மலைக்கு ஒருவராகக் குடியேறினார்கள் என்பது அவர்களுடைய கதை. சேகரித்த பொருளை எடை போட்டு வாங்குகிறவன் கீழே இருந்தான். பொடியாக்குகிறவனும் பெட்டியில் அடைக்கிறவனும்கூட கீழேதான்.

மரம் இங்கே, மணம் அங்கே

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளோடு சேலம் வட்டாரமும் கம்பெனியின் கைக்கு வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் மலைமேல் காப்பியும் பழமரங்களும் கொண்டுவந்தார். அவருடைய கிரேஞ்ச் தோட்டம் இன்றும் ஏற்காட்டில் ஓர் அடையாளம். தோட்டங்கள் பெருகின. காப்பி கொட்டையாக இறங்கியது, வறுத்து அரைப்பது வேறெங்கோ நடந்தது.

இதே மலைச்சரிவுகளில் சந்தனமும் இருந்தது. சோப்பின் வரலாற்றில் சந்தனத்துக்குத் தனி அத்தியாயமே உண்டு. திப்பு அதை அரச மரமாக அறிவித்தார் என்பார்கள். அவருக்குப் பின் வந்த அரசுகள் எதுவும் அந்த உரிமையை விடவில்லை. உங்கள் பட்டா நிலத்தில் முளைத்தாலும் மரம் சர்க்காருக்குத்தான். இந்த நிலை தமிழ்நாட்டில் 2000-களின் தொடக்கம் வரை நீடித்தது. சேலத்திலும் திருப்பத்தூரிலும் உள்ள அரசு சந்தனக் கிடங்குகளில் கட்டைகள் தரம் பிரித்து ஏலம் விடப்பட்டன. மலை கட்டையைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

கட்டையாக விற்பதற்கும் கட்டியாக விற்பதற்கும் இருக்கும் தூரத்தை முதலில் கடந்தது பக்கத்து மைசூர். முதல் உலகப் போருக்கு முன் மைசூர்ச் சந்தனக் கட்டை கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய் அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. போர் வந்து கடல்வழி அடைபட்டதும் கட்டைகள் குவிந்துவிட்டன. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோவும் வாட்சனும் எண்ணெய் வடிக்கும் முறையைச் செய்துகாட்டினார்கள். 1916-இல் சந்தன எண்ணெய் ஆலை வந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் அதோடு நிற்கவில்லை. சோசலே கரளாபுரி சாஸ்திரி என்ற வேதியியலாளரை இங்கிலாந்துக்கு அனுப்பி சோப்புத் தொழிலைக் கற்றுவர வைத்தார்கள். 1918-இல் மைசூர் சாண்டல் சோப்பு பிறந்தது. அவருக்கு 'சோப்பு சாஸ்திரி' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மதராஸ் மாகாணம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. அதன் வழி வேறு. மாகாணத்தின் மீன்வளத் துறையைக் கட்டியெழுப்பிய சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் மலபார்க் கரையில் மத்தி மீன் எண்ணெயை வைத்துச் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். அந்த எண்ணெயில் செய்த சோப்பு குளிப்பதற்கானதல்ல, பூச்சி மருந்து. காப்பிச் செடியில் பச்சைச் செதில் பூச்சி விழுந்தால் மீன் எண்ணெய் சோப்பைக் கரைத்துத் தெளிப்பது அக்காலத்துத் தோட்ட வழக்கம். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1914-இல் கோழிக்கோட்டில் அரசு சோப்பு நிலையம் தொடங்கியது. பின்னாளில் கேரளா சோப்ஸ் ஆனது அதுதான்.

இவர்களுக்கு எதிரில் நின்றது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1888-இல் கல்கத்தா துறைமுகத்தில் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்திறங்கின. அன்றிலிருந்து சோப்பு என்றால் அச்சுக் குத்திய, ஒரே எடையுள்ள, ஒரே மணமுள்ள கட்டி என்ற எண்ணம் நம் தலையில் ஏறிவிட்டது. வீட்டில் செய்யும் எவரும் இன்றுவரை அந்தக் கட்டியோடுதான் ஒப்பிடப்படுகிறார்கள். 'கடைல வாங்கற சோப்பு மாதிரி நுரை வருமாங்க?'

மேட்டூரின் காரம்

எண்ணெய் நம்மிடம் இருந்தது: தேங்காய், வேம்பு, புங்கம், இலுப்பை. மணம் இருந்தது. வலுவான, ஒரே தரமான காரம் மட்டும் இல்லை. உவர்மண்ணில் கிடைப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட். அதைக் கொண்டு துணி வெளுக்கலாம், நல்ல குளியல் கட்டி செய்வது கஷ்டம். அதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும். அது நீண்டகாலம் கப்பலில் வந்த சரக்கு.

1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அணையோடு மின்சாரம் வந்தது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா கிடைக்கும். அதைச் செய்ய மேட்டூர் கெமிக்கல்ஸ் அடுத்த சில வருடங்களில் எழுந்தது. ஏற்காட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரத்தில் காரம் தயார்.

அந்தக் காரத்தின் வேதியியல் சேர்வராயன் மலையை இன்னொரு வழியிலும் தொட்டது. 1965-இல் மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை தொடங்கி, சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியது. பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரிக்கப் பயன்படுவதும் காஸ்டிக் சோடாதான். எண்ணெயோடு சேர்ந்தால் சோப்பு தரும் பொருள், பாக்சைட்டைக் கரைத்து அலுமினியத்துக்கு வழிசெய்தது. காப்பி, சந்தனம், சீயக்காய் வரிசையில் இப்போது மண்ணும். லாரிகள் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கின, பாத்திரம் வேறெங்கோ வார்க்கப்பட்டது.

'கையால்' என்ற சொல் சட்டத்துக்குள் வந்த கதை

இன்று 'கையால் செய்தது' என்பது லேபிளில் போடும் கவர்ச்சியான வார்த்தை. ஒரு காலத்தில் அது கணக்குப் புத்தகத்து வார்த்தை.

காந்தி 1934-இல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதைத் தோளில் சுமந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஊரில் கிடைக்கும் மூலப்பொருள் ஊரிலேயே பண்டமாக வேண்டும், கூலியும் லாபமும் ஊரிலேயே தங்க வேண்டும் என்பது அவருடைய பொருளாதாரத்தின் மையம். சோப்புக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. சமையலுக்கு ஆகாத எண்ணெய்கள், அதாவது வேம்பு, புங்கம், இலுப்பைக் கொட்டைகள், மரத்தடியில் வீணாகக் கிடந்தன. சுதந்திரத்துக்குப் பின் கதர் கிராமத் தொழில் அமைப்பு 'உண்ணா எண்ணெய் சோப்பு' என்று ஒரு தனித் தொழிலையே வகுத்தது. நம் கதர்க்கடைகளின் வேப்பம் சோப்புக்கும் சந்தன சோப்புக்கும் மூலம் அங்கே இருக்கிறது.

1954-இல் சோப்புக்கு மத்திய உற்பத்தி வரி வந்தபோது அது விசை கொண்டு செய்யும் சோப்புக்கு என்று வகுக்கப்பட்டது. மோட்டார் ஓடினால் வரி, கையால் கிண்டினால் இல்லை. கொள்கை வழியாக மட்டும் பேசப்பட்ட கை, இப்போது விலையில் ஒரு சிறு அனுகூலமாகவும் ஆனது. பெரிய கம்பெனிக்கு எதிரே குடிசைத் தொழில் மூச்சுவிட அது இடம் கொடுத்தது.

பெரம்பூர் டாக்டர்

பொழுதுபோக்கு எப்படி வியாபாரம் ஆகிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஆகச் சிறந்த உதாரணத்துக்கு நாம் மலையிறங்கிச் சென்னை வரை போக வேண்டியிருக்கிறது. 1969. வி. பி. சித்தன் ரயில்வேயில் மருத்துவர். கேரளத்தின் சோழயில் என்ற வைத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவர், படித்தது அலோபதி. அவரிடம் வந்த ரயில்வேத் தொழிலாளர்கள் பலருக்குத் தோல் உபாதை. கரி, கிரீஸ், வியர்வை. குடும்ப வைத்தியத்தில் பதினெட்டு மூலிகைகள் சேர்ந்த எண்ணெய் ஒன்று உண்டு. பிரச்சினை என்னவென்றால், வேலைக்குப் போகிற ஆள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார முடியாது. அப்படியானால் அவன் எப்படியும் செய்யப்போகிற ஒரு காரியத்துக்குள் மருந்தை வைத்துவிட வேண்டும். குளியலுக்குள் வைத்தார். அந்த எண்ணெயைச் சோப்பாக்கினார்.

வீட்டில்தான் செய்தார், மனைவி சௌபாக்கியம் கூடவே நின்றார். கலக்கி, அச்சில் ஊற்றி, இறுகவிட்டு, வெட்டி, தாளில் சுற்றி. அந்தப் பச்சைக் கட்டிதான் மெடிமிக்ஸ்.

இந்தக் கதையைச் சுயமுன்னேற்றப் பாடமாகச் சொல்வது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு மூன்று விஷயங்கள்.

ஒன்று, சித்தனுக்கு வாடிக்கையாளர்களுக்கு முன்னால் நோயாளிகள் இருந்தார்கள். கட்டி வேலை செய்ததா இல்லையா என்று அடுத்த வாரமே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். வீட்டில் சோப்பு செய்து பரிசாகக் கொடுக்கிறவருக்குக் கிடைப்பது பாராட்டு. சித்தனுக்குக் கிடைத்தது மறுபரிசோதனை.

இரண்டு, தொழில் பெருத்தபோதும் கையால் வார்க்கும் முறையை அவர்கள் கைவிடவில்லை. மூலிகை எண்ணெயை அதிகம் சூடேற்றாத குளிர்முறை அது. அந்த முறையில் நிற்பதென்றால் நிறைய கைகள் வேண்டும். கைகள் பெருகினால் கூலிப் பேச்சும் பெருகும். 1980-களில் சென்னைத் தொழிற்சாலை தொழிலாளர் தகராறில் மாட்டித் திணறியது. அந்தப் பத்தாண்டில்தான் சித்தனின் மருமகன் முறையான ஏ. வி. அனூப் உள்ளே வந்து தொழிலை மீண்டும் நிமிர்த்தினார். 2007-இல் குடும்பத்துக்குள் தெற்குச் சந்தை ஒரு பக்கம், வடக்கு ஒரு பக்கம் என்று பிரிந்தது. 'கையால் செய்தது' என்ற வார்த்தைக்குள் இருக்கும் கை யாருடையது, அதற்கு என்ன கூலி என்ற கேள்வியை எந்தச் சோப்பு வியாபாரமும் ஒருநாள் சந்தித்தாக வேண்டும்.

மூன்றாவது, காலம். மருந்து, அழகுசாதனச் சட்டத்தில் 'காஸ்மெடிக்' என்பதன் வரையறை, சோப்பு இதில் சேராது என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தது. 1982-இல் வந்த திருத்தம்தான் அந்த வாக்கியத்தை நீக்கியது. அதாவது 1969-இல் ஒருவர் சமையலறையில் சாதாரண சோப்பு செய்து விற்க, அழகுசாதன லைசென்ஸ் என்ற கதவே கிடையாது. இன்று உண்டு. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பு உரிமம், அதற்கான இடம், தகுதியுள்ள ஆள், சோதனை எல்லாம் வேண்டும். அடுப்படியில் செய்து கடையில் வைக்க முடியாது. இது தேவையில்லாத தொல்லை என்று சொல்லமாட்டேன். காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். அளவு தவறிய கட்டி தோலைப் புண்ணாக்கும். ஆனால் சித்தன் நுழைந்த வாசல் இப்போது அவ்வளவு அகலமாக இல்லை என்பதும் உண்மை.

பனியில் காயும் கட்டி

இப்போது மலைக்குத் திரும்புவோம். ஏற்காட்டில் ஒருவர், வாரம் நூறு கட்டி செய்து விற்க முடிவெடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இப்படி வரும்.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுதாகச் சோப்பாக்க ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தோலுக்கு இதமாக இருக்கக் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் விடுவார்கள். ஐந்து சதவீதம் குறைத்தால் 174 கிராம். காய்ந்தபின் 100 கிராம் கட்டிகள் பதின்மூன்று கிடைக்கும். காய்வதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம். ஆறு வாரம் என்றால் எந்த நேரமும் அறுநூறு கட்டிகள் விற்காமல் அலமாரியில் நிற்கும். 46 கிலோ எண்ணெயின் பணம் அங்கே முடங்கிக் கிடக்கும். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறியபோது இப்படி முடங்கிய பணம் எவ்வளவு கடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கு மேல் ஏற்காட்டின் பனி. கையால் செய்த கட்டியில் கிளிசரின் உள்ளேயே தங்கிவிடுகிறது, எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பெரிய ஆலைகளில் இதைப் பெரும்பாலும் பிரித்தெடுத்துத் தனியே விற்றுவிடுவார்கள். தோலுக்கு நல்லதுதான், ஆனால் கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழை மாதங்களில் கட்டி வியர்க்கும், முத்து முத்தாக. வாங்க வந்தவர் 'என்னங்க, உருகுதே' என்பார்.

இன்னொரு கேள்வியும் வரும்: 'டி.எஃப்.எம் எவ்வளவு?' மொத்தக் கொழுப்பு அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்புக்கு 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. மேலே சொன்ன கட்டி கிளிசரினையும் கொஞ்சம் ஈரத்தையும் தன்னுள் வைத்திருப்பதால் 70-ஐ ஒட்டியே நிற்கும். எதையும் திருடாத கட்டி, எண்ணில் பின்தங்கிவிடும். அளவுகோல் ஆலைக் கட்டிக்காகச் செய்யப்பட்டது.

வரியில் கைக்கு இருந்த பழைய சலுகையும் கரைந்துவிட்டது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது சோப்புக்கு 18 சதவீதம். 2025 செப்டம்பரில் குளியல் கட்டிக்கு 5 ஆகக் குறைந்தது. வருட விற்பனை 40 லட்சத்துக்குள் என்றால் பதிவு வேண்டாம், ஆனால் வேறு மாநிலத்துக்குப் பார்சல் அனுப்பினால் பொதுவாக அந்த விலக்கு இல்லை.

இவ்வளவு பாட்டைப் பார்த்துத்தான் பலர் குறுக்குவழி எடுக்கிறார்கள். ஆலையில் செய்த 'சோப்பு பேஸ்' கிலோக் கணக்கில் கிடைக்கிறது. வாங்கி, உருக்கி, வாசனை விட்டு, அச்சில் ஊற்றினால் இரண்டு மணி நேரத்தில் கட்டி. தவறொன்றும் இல்லை, பொழுதுபோக்குக்கு நல்ல ஆரம்பம். ஆனால் அதன் மேல் 'ஏற்காடு கைவினைச் சோப்பு' என்று எழுதினால், பழைய கதையின் கடைசிப் பக்கம் அதுவாகிவிடுகிறது. இம்முறை மலை தருவது தன் பெயரை மட்டும்.

இதற்கு எதிர்வழியும் இருக்கிறது, அது கற்பனை இல்லை. 2006-இன் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின் மேல் அவற்றைச் சேகரிக்கும் பழங்குடியினருக்கு உரிமை தருகிறது. மலைவாழ் மக்களுக்கான 'லேம்ப்' கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. மகளிர் குழுக்கள் இருக்கின்றன. ஓர் உரிமம், ஒரு பொதுக் கூடம், ஈரம் வாங்காத ஒரு காயவைக்கும் அறை, இவற்றைத் தனியொருவர் தாங்குவது கஷ்டம். முப்பது பேர் சேர்ந்தால் தாங்கலாம். சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் மூட்டையாக எடை போடாமல் அரைத்துப் பொட்டலமாக இறக்குவதற்கு, காஸ்டிக்கும் வேண்டாம், ஆறு வாரமும் வேண்டாம்.

காப்பி வறுப்பதற்கு இயந்திரம் வேண்டும், சந்தனத்துக்குச் சர்க்கார் உத்தரவு வேண்டும், பாக்சைட்டுக்கு ஓர் ஆலையே வேண்டும். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிய பொருள்களிலேயே, கடைசிக் கட்ட வேலையையும் மலைமேலேயே முடித்துவிடக்கூடிய அளவுக்குச் சின்னது இந்தக் கட்டி. ஒரு தராசு, ஒரு வாளி, ஒரு மர அச்சு, பொறுமை. அடுத்த முறை ஏற்காட்டில் ஒரு கட்டியைக் கையில் எடுக்கும்போது முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். 'இதை எங்க ஊத்துனீங்க? யார் வெட்டுனாங்க?' என்று கேளுங்கள். உண்மையில் அங்கேயே செய்தவர் என்றால், அந்தக் கேள்விக்கு அவர் அரை மணி நேரம் பதில் சொல்வார்.